புளிக்காத மாவு

டிசம்பர் 16, திங்கள்

இந்த டயரி எனக்குக் கொடுக்கப்பட்டதல்ல. ருக்குமணிக்கு வால்வு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் செக்கப்புக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு பெண் இதை அவள் கையில் கொடுத்து, தினமும் யாருக்காவது ஒரு நன்றி எழுதுங்கள், இதயத்துக்கு நல்லது என்றாள். ருக்குமணி தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் மடியில் வைத்துவிட்டாள்.

"நீங்களே எழுதுங்க. எனக்கு மாவாட்டற வேல கெடக்குது."

"ஆபரேஷன் ஆனது உனக்கு."

"எரிஞ்சு எரிஞ்சு விழறது நீங்கதானுங்களே."

ஆகவே எழுதுகிறேன். இன்று காலை மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் ஓடியிருந்தது. அவள் வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டிப் பையில் போட்டுத் தெருவுக்கு விற்கிறாள். குனிந்து துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துடைப்பவன் நான். எறும்பு வேறு. திட்டிக்கொண்டே துடைத்தேன்.

நன்றி: ஜெகந்நாதன் முதலாளிக்கு. இரண்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் நாளில் அவள் வகை ரத்தம் எங்கும் கிடைக்காமல் நான் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நின்றபோது, "எனக்கும் அதே குரூப்தான்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்தவர் அவர். அன்றிலிருந்து ருக்குமணி அவரை அண்ணா என்கிறாள். அவரும் அண்ணன் முறைக்குப் பொங்கல்தோறும் பிறந்தவன் சீர் கொண்டுவருகிறார். இந்த நன்றியை தினமும் எழுதலாம். டயரி தீர்ந்தாலும் இது தீராது.

டிசம்பர் 19, வியாழன்

கம்பெனியில் புது ரியாக்டர், சரக்குச் செய்யும் பெரிய கொப்பரை, ஓட ஆரம்பித்துவிட்டது. நான்தான் சூப்பர்வைசர் என்பதால் தேங்காய் உடைக்கும் மரியாதை எனக்கு.

எங்கள் கம்பெனியில் வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்க விடுகிறோம். டப்பாவில் நானோ வெள்ளி என்று அச்சடித்திருக்கும். பனியன் துணியை அதில் நனைத்து எடுத்தால் எத்தனை வியர்த்தாலும் நாறாது. நாற்றத்தை உண்டாக்கும் கிருமி வெள்ளி பட்டால் செத்துப்போகும், அவ்வளவுதான் ரகசியம். பார்க்கத் திக்கான காபி டிகாஷன் மாதிரியே இருப்பதால் எங்களுக்கு அது டிகாஷன். "டிகாஷன் ரெடியா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்து, புது அக்கவுண்டன்ட் ஒருவர் டம்ளரோடு வந்து நின்ற கதையும் உண்டு.

இத்தனை நாள் குடம் கணக்கில் செய்தோம். இனி லாரி கணக்கு. ஒவ்வொரு முறையும் சரக்கை இறக்கியதும் ரியாக்டரின் உள்ளே நன்றாகக் கழுவிவிட வேண்டும். கழுவிய தண்ணீர் குழாய் வழியாகத் தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். சாயப்பட்டறை, சலவைப்பட்டறை என்று எல்லார் கழிவும் அங்கேதான் போகிறது.

நன்றி: அந்தக் குழாயைப் பதித்த புண்ணியவானுக்கு. வால்வைத் திறந்தால் நம் வேலை முடிந்தது.

டிசம்பர் 20, வெள்ளி

ஓவர்டைம். நன்றி: வெந்நீருக்கு.

டிசம்பர் 23, திங்கள்

டீக்கடையில் சகாயராஜைப் பார்த்தேன். சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர். தூத்துக்குடிப் பக்கம். பேட்டையில் அவன் ஒருவன்தான் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவன். அவன் பொறுப்பில் ஒரு கிணறு அகலத்துக்கு இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. அதில் இரவும் பகலும் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கோடிக்கணக்கில் கிருமிகள். அவைதான் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. நாங்கள் கிருமியைக் கொன்று சம்பளம் வாங்குகிறோம், அவன் வளர்த்து வாங்குகிறான்.

"வாயில்லா ஜீவன் அண்ணாச்சி. நாமதான் பாத்துக்கிடணும்" என்றான்.

"அதுக்கு வாய் மட்டும்தானப்பா இருக்குது" என்றேன்.

டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். ஆனால் முகம் சரியில்லை. ரெண்டு மூணு நாளாய் எதுவும் சரியாய்த் தின்னமாட்டேங்குது, நுரை வெள்ளையாய் வருது என்றான். குளிராய் இருக்கும் என்றேன்.

நன்றி: டீக்குக் காசு கொடுத்த சகாயராஜுக்கு.

டிசம்பர் 26, வியாழன்

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது வாட்டர்மேனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வரும்போது பிடித்து வைக்காவிட்டால் மாவு வியாபாரம் படுத்துவிடும். ருக்குமணி நெடுநாளாய் ஒரு பெரிய டிரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியில் காலியான நீல டிரம்களை வேலை செய்பவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். பேட்டையில் எந்த வீட்டு வாசலிலும் இப்படி ஒன்று நிற்கும். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, கழுவினால் சரி.

ஒன்றை டெம்போவில் போட்டு எடுத்து வந்தேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

ருக்குமணி டிரம்முக்குப் பொட்டு வைத்தாள். நன்றி: முதலாளிக்கு, மறுபடியும்.

டிசம்பர் 30, திங்கள்

மாவு புளிக்கவில்லை. நேற்றும் புளிக்கவில்லை.

ஆட்டி வைத்தது எப்படி இருந்ததோ அப்படியே கல்லாய்க் கிடக்கிறது. மார்கழிக் குளிர் என்று பாத்திரத்துக்குப் போர்வை போர்த்தினாள். அடுப்புப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். என் ஸ்வெட்டர் இப்போது மாவுப் போசி மேல் இருக்கிறது, நான் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். வாங்கிப் போனவர்களில் இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இட்லி ஊற்றினால் சிமென்ட் பில்லை மாதிரி வருகிறதாம்.

"என்ற கையி ஆகாமப் போச்சோ" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இப்படிச் சுருங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நன்றி: எறும்பு வராததற்கு. துடைக்கும் வேலை மிச்சம்.

ஜனவரி 2, வியாழன்

சகாயராஜின் தொட்டி இரண்டும் படுத்துவிட்டன. கிருமி அத்தனையும் போய்விட்டது என்கிறான். சாயத்தண்ணீர் வந்த நிறத்திலேயே வெளியே போய், ஓடையில் முழங்கால் உயரத்துக்கு நுரை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மாடு தண்ணீர் குடிக்கவில்லை என்று வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையக் கமிட்டிக்காரர்களோ, இவன் காற்று மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்கியிருப்பான் என்கிறார்கள்.

"தூங்குனேனாம் அண்ணாச்சி. பெத்த பிள்ளைய மாதிரி பாத்தேன்" என்றான்.

நன்றி: அவன் என்னிடம் எதுவும் கேட்காததற்கு.

ஜனவரி 4, சனி

நேற்று குழாயில் தண்ணீர் வந்த நேரம் பார்த்து ருக்குமணி அதிலேயே உளுந்தை ஊறப்போட்டு, அதையே ஊற்றி ஆட்டினாள். காலையில் மாவு பூரித்து நிற்கிறது. இன்னொரு போசியில் டிரம் தண்ணீரில் ஊறப்போட்டு ஆட்டியது அசையவில்லை.

"ஏனுங்க, கோளாறு என்ற கையில இல்லீங்க. டிரம்முல."

அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம். நான் டிரம்மைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில், ஓரத்தில், லேசாக ஒரு பழுப்புக் கோடு. காபி டம்ளரின் அடியில் நிற்குமே, அது மாதிரி.

ஒரு குடம் தண்ணீரை அவள் தனியே எடுத்து வைத்துக்கொண்ட பிறகு டிரம்மை வெளியே கவிழ்த்தேன். அவள் அந்த மாவு அத்தனையையும் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். திருப்பிக் கொண்டுவராதவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், இருந்தால் கொட்டிவிடச் சொல்லி நல்ல மாவு கொடுத்துவிட்டு வந்தாள்.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

கமிட்டிக் கூட்டம். கம்பெனிக்கு ஒருவர் போக வேண்டும், எங்கள் சார்பில் நான். புதிதாக ஏதாவது குழாயில் விட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார்கள். வரும் தண்ணீரில் சாயம், உப்பு, அமிலம் எல்லாம் சோதிப்பார்கள். வெள்ளி என்று ஒரு சோதனையே கிடையாது. அது எந்த வடிகட்டியிலும் நிற்காது.

என் முறை வந்தது. "ரியாக்டர் கழுவற தண்ணி மட்டும்தானுங்க" என்றேன். அது பொய்யில்லை.

பொங்கலோடு சகாயராஜை நிறுத்திவிடுவதென்று முடிவு செய்தார்கள். அவன் பெரியவள் இங்கே ஏழாவது படிக்கிறாள். இப்படிக் கெட்ட பெயரோடு போனால் வேறு எந்தத் தொட்டிப் பக்கமும் அவனை விடமாட்டார்கள். வெளியே வந்ததும் என் வண்டியை அவனே தள்ளி நிழலிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

நன்றி எழுத வரவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

ருக்குமணி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த டிரம்முல ஒட்டிட்டிருந்தது மாவப் புளிக்க வுடல. அதே தண்ணிதான சகாயராஜ் தொட்டிக்கும் போகுது?"

"சாப்புடறப்ப என்ன பேச்சு."

"போகுதா இல்லீங்களா?"

போகிறது என்றேன். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. பிறகு இன்னும் சத்தமாக, நீ உயிரோடு உட்கார்ந்து எனக்குச் சோறு போடுவது அந்த மனுஷனால்தான், அவர் இந்த ரியாக்டருக்காக வீட்டை அடமானம் வைத்திருக்கிறார், அவரைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறாயா, எனக்கு நன்றி கிடையாதா என்றெல்லாம் கத்தினேன். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரசம் ஊற்றினாள்.

"நன்றி உங்களுக்குத்தானுங்க. எனக்கு அவரு அண்ணன். நாளைக்கு சீரு கொண்டுட்டு வருவாரு. நான் பேசிக்கறேன்."

ஜனவரி 8, புதன்

முதலாளி வந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், தட்டில் சேலை. டிரைவர் இருக்கும்போதே கரும்பைத் தன் தோளில் சுமந்து வந்தார். அவர் அப்படித்தான். வாசலில் நாற்காலி போட்டு சீரை வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

ருக்குமணி காபியோடு இரண்டு போசிகளையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

"என்ன அம்மிணி, மாவு காட்டற?"

"ரண்டும் ஒரே அரிசி, ஒரே உளுந்துங்ணா. நேத்து ஒரே நேரத்துலதான் ஆட்டுனேன். இது கொழாத் தண்ணி. இது உங்க கம்பெனி டிரம்முல நின்ன தண்ணி."

ஒன்று பூரித்துக் குமிழ் விட்டிருந்தது. இன்னொன்று அப்படியே கிடந்தது. முதலாளி இரண்டையும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தியா நாச்சிமுத்து! கழுவுன டிரம்லயே ஒரு கிருமி நிக்க மாட்டேங்குது. நம்ம சரக்குன்னா சும்மாவா!"

நானும் சிரித்திருப்பேன், அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

"ஆமாங்ணா" என்றாள் ருக்குமணி. "சகாயராஜ் தொட்டியிலயும் ஒண்ணும் நிக்கல."

சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். சாமி படம் போட்ட காலண்டர், அதுவும் என்னைத்தான் பார்த்தது.

"புது ரியாக்டர் வந்ததுல இருந்து தெனமும் கழுவி வுடறமுங்க" என்றேன்.

"அது வெறும் கழுவற தண்ணி, நாச்சிமுத்து."

"இந்த டிரம்மையும் மூணு தடவ கழுவுனேனுங்க."

காபியில் ஆடை கட்டியது. அவர் எழுந்தார்.

"சீர உள்ள எடுத்து வெய்யி அம்மிணி. எனக்கு நேரமாச்சு."

"அந்த ஆளு வேலைக்கு ஒரு வழி சொல்லிப்போட்டுப் போங்ணா. அப்பறம் எடுத்து வெக்கறேன்."

பிறந்தவன் கொண்டுவந்த சீரை உள்ளே எடுக்காமல் விடுவதென்றால் எங்கள் பக்கத்தில் அது உறவை அறுப்பதற்குச் சமம். அவர் முகம் சிவந்துபோனது. நேராகப் போய்க் காரில் ஏறினார்.

நான் ருக்குமணியைப் பார்த்தேன். கை நெஞ்சின் தழும்பு மேல் இருந்தது. மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

சீர் வாசலிலேயே ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. போகிற வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். கம்பெனியில் முதலாளி என் பக்கம் திரும்பவில்லை. ரியாக்டர் கழுவும் நேரம் வந்தது. வால்வில் கை வைத்தேன். திறக்க முடியவில்லை. பம்ப் ரிப்பேர் என்று சொல்லித் தண்ணீரை உள்ளேயே நிறுத்தி வைத்தேன். இந்த வயதில் பம்ப் மேல் பழி போடுகிறேன்.

நன்றி: தெரு ஆட்டுக்கு. கரும்புத் தோகையைத் தின்றதோடு போய்விட்டது.

ஜனவரி 10, வெள்ளி

முதலாளி கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே படி ஏறினேன். மேஜை மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா போன் பண்ணுச்சு. தங்கச்சிக்கு சீரு குடுத்துட்டயான்னு. குடுத்தேன்னு சொல்றதா, குடுக்கலைன்னு சொல்றதா?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பம்ப்பு நல்லாத்தான் ஓடுது, போய்ப் பாத்தேன்" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தார். கழிவுக் குழாய்க்குப் போகும் வால்வைத் தன் கையாலேயே இறுக்கினார். அதில் ஒரு பூட்டைப் போட்டார். அங்கேயே நின்று கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டார்.

"என்ற கம்பெனித் தண்ணிதானுங்க. வெள்ளி. அந்தப் பையன் மேல தப்பில்ல. ஆகற செலவு என்னுது... ஆமாங்க, எழுதியே குடுக்கறேன்."

போனை வைத்தவர் ரியாக்டரையே அண்ணாந்து பார்த்தார். கழுவும் தண்ணீரைத் திரும்ப உள்ளேயே எடுத்து அடுத்த சரக்குக்குப் பயன்படுத்த வழி செய்யும்வரை அது ஓடாது. கையில் இருந்த பெரிய ஆர்டர் போய்விடும். எனக்கு ஓவர்டைம் போய்விட்டது.

"ரத்தம் குடுத்தா கேள்வி கேப்பாங்கன்னு அந்த நர்ஸ் சொல்லவே இல்லியே" என்றார். பிறகு, "போ. உள்ள எடுத்து வெக்கச் சொல்லு" என்றார்.

மத்தியானமே வீட்டுக்கு ஓடினேன். சொன்னேன். ருக்குமணி சேலைத் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே எடுத்துப் போனாள். சமையலறையில் நின்று அழுதாள். நானும் கொஞ்சம்.

நன்றி: ஜெகந்நாதன் முதலாளிக்கு. இதற்கு முன் எழுதியதெல்லாம் கடன்பட்டவன் எழுதியது. இன்று மனசார எழுதுகிறேன்.

ஜனவரி 14, பொங்கல்

சீர் அரிசியில் பொங்கல். வெல்லத்தில் பாதியைத்தான் போட்டாள். மீதி எதற்கு என்றால் சொல்லமாட்டேன் என்கிறாள். சேலை அவளுக்கு நன்றாக இருக்கிறது. சொன்னேன். சொல்லிவிட்டு ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பேப்பரை விரித்துக்கொண்டேன்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

மீதி வெல்லம் எதற்கு என்று இன்று தெரிந்தது. தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வண்டியை விடச் சொன்னாள்.

ஒரு தொட்டியை வடித்துச் சுரண்டிக் கழுவியிருந்தார்கள். வேறு ஊர் நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பேட்டைக்காரர்கள் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். இனி அதற்குத் தீனி வேண்டும். புது சாணியும் வெல்லமும். எந்தத் தொட்டிக்கும் முதல் சாப்பாடு அதுதானாம். சத்தம் போட்ட தோட்டத்துக்காரர்களே மாட்டைக் குளிப்பாட்டிவிட்டு சாணியைக் கூடையில் அனுப்பியிருந்தார்கள்.

சகாயராஜ் தொட்டிச் சுவரில் மஞ்சள் கட்டியிருந்தான். கழுத்தில் சிலுவை, நெற்றியில் யாரோ வைத்துவிட்ட குங்குமம்.

"வாயில்லா ஜீவனுக்கு உள்ள நாளு அண்ணாச்சி. நம்ம ஜீவனுக்கும் பொங்கலுதான்."

ருக்குமணி வெல்லத்தைக் கரைத்து ஊற்றினாள். மோட்டார் ஓட, தண்ணீர் பழுப்பாகக் கொதித்தது. முதலாளி வந்தார். யாரோடும் பேசாமல் ஒரு கூடை சாணியை எடுத்து, வெள்ளைச் சட்டையோடு, உள்ளே கவிழ்த்தார்.

சகாயராஜ் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், கூட்டத்தில் முழுசாகச் சொல்லாமல் வந்ததை.

"தெரியும் அண்ணாச்சி. அன்னிக்கு நீங்க வண்டிச் சாவியத் தலகீழால்லா போட்டிய" என்றான். சாணிக் கூடையை என் கையில் கொடுத்தான். இரண்டு நடை சுமந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

கோயம்புத்தூர் லேபிலிருந்து முடிவு வந்தது. பழைய சேற்றில் வெள்ளி இருக்கிறது. மூட்டை கட்டி, மண்ணில் கசியாதபடி புதைக்கும் இடத்துக்கு அனுப்புகிறார்கள். ஓடையோடு போனதை என்ன செய்வது என்று கேட்டேன். "உள்ள போனது போனதுதான். சேத்துல கெடக்கும்" என்றான் சகாயராஜ். கண்ணுக்குத் தெரிந்தால் பொறுக்கி எடுக்கலாம். அத்தனை சின்னதாகச் செய்தோம் என்பதுதான் இத்தனை நாள் எங்கள் பெருமை.

கம்பெனி டிரம் இனி யாருக்கும் கிடையாது. அடியில் ஓட்டை போட்டுத்தான் வெளியே அனுப்புகிறோம். ஏற்கெனவே வாங்கிப் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லி வந்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் போன். எடுத்ததும் ஒரே கத்தல்.

"அண்ணாச்சி! நாறுது!"

ஓடினேன். மழை விழுந்த மண் மாதிரி ஒரு வாசனை தொட்டியிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. உயிர் வந்தால்தான் அது வருமாம். ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னான். இத்தனை வருஷம் இதுகளைக் கொல்லும் மருந்து செய்திருக்கிறேன், ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. மெல்லிய காம்பின் நுனியில் மணி மாதிரி ஒன்று நின்று, விடாமல் தின்றுகொண்டிருந்தது.

"வாய் மட்டும்தானப்பா இருக்குது" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு, மேடை இறங்கி, சமையலறைத் தரையெல்லாம் ஓடியிருந்தது. எறும்பு வேறு. துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ருக்குமணி கதவருகில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இன்னிக்கித் திட்டக் காணோம்?"

துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நன்றி: புளித்ததற்கு.